தருமகர்த்தா கையில் நூலகம்

கதவு திறந்திருக்கிறது, உள்ளே வா என்கிறார்கள். குலம் கேட்பாரில்லை, கோத்திரம் கேட்பாரில்லை, காசு கேட்பாரும் இல்லை. விரல் நுனியால் ஒரு சொல்லைத் தட்டு. உலகத்து ஏடுகளெல்லாம் உன் முன் ஓடிவந்து நிற்கும்! அறிவுக் களஞ்சியத்தை ஆளுக்கொரு பிடி அள்ளித் தரும் இந்த வள்ளல்களை வாழ்த்தாமல், 'கதவு யாருடையது? சாவி யாரிடம்?' என்று வழக்காடுவது அழகா? – இப்படி நம்மைக் கேட்கிறார்கள், நம் நண்பர்களிலேயே சிலர்.

வாழ்த்தக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. வேதத்தைக் காது கொடுத்துக் கேட்ட சூத்திரனுடைய செவியிலே ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்று என்று எழுதி வைத்தது கௌதம தரும சூத்திரம். அந்த ஏட்டின் நிழலிலே நூற்றாண்டு நூற்றாண்டாகக் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். படிப்பகத்துத் திண்ணையிலே ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப்பேர் சுற்றி அமர்ந்து கேட்டுத் தெளிவு பெற்ற இயக்கம் நம்முடையது. திறந்த கதவைக் கண்டு மகிழ நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மகிழ்ந்தோம், மகிழ்கிறோம். ஆனால், மகிழ்ந்த கையோடு கேள்வி கேட்கும் பழக்கமும் நமக்கு உண்டே, அதை என் செய்வது!

கேள்வி இதுதான். உலகின் அறிவுச் செல்வத்தை மக்கள் அடையும் வழியை, விரல்விட்டு எண்ணத்தக்க சில பெரு நிறுவனங்களின் பொறுப்பில் விட்டுவிட்டு, 'அவர்கள் நல்லவர்கள், பார்த்துக்கொள்வார்கள்' என்று நம்பியிருக்கலாமா?

பொதுவாகப் பேசினால் பொழுதுதான் போகும். நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

2004-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் கூகுள் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அமெரிக்காவிலுள்ள மிச்சிகன், ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு ஆகிய பல்கலைக்கழகங்களின் நூலகங்கள், நியூயார்க் பொதுநூலகம், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நூலகம் – இந்த ஐந்து இடங்களிலும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து, சொல் சொல்லாகத் தேடிப் பார்க்கத்தக்க முறையிலே கணினியில் ஏற்றப்போகிறோம் என்றது. மிச்சிகன் நூலகத்தில் மட்டும் ஏறத்தாழ எழுபது இலட்சம் நூல்கள். தம்முடைய வேகத்தில் அவற்றைப் படம்பிடித்து முடிக்க ஆயிரம் ஆண்டு ஆகும் என்று பல்கலைக்கழகத்தார் கணக்குப் போட்டு வைத்திருந்தனர். கூகுளை நிறுவிய இருவரில் ஒருவரான லாரி பேஜ் அந்தப் பல்கலைக்கழகத்திலே பயின்றவர். அவர் வந்தார், 'ஆறே ஆண்டில் முடித்துத் தருகிறோம்' என்றாராம். அதற்குக் கூலி? ஒரு காசும் வேண்டாம்!

இங்கே சற்று நின்று, நேர்மையோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயிரம் ஆண்டு என்று கணக்குப் போட்டுவிட்டு வாளா இருந்தவர்கள் அறிஞர்கள். ஆறு ஆண்டு என்று சொல்லிக்கொண்டு வந்தவன் வணிகன். அரசுகள் செய்திருக்கலாம், செய்யவில்லை. செல்வம் கொழிக்கும் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்திருக்கலாம், செய்யவில்லை. 2010-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தார் உலகில் உள்ள நூல்களை எண்ணிப் பார்த்து, 12,98,64,880 என்று ஒரு தொகையே சொன்னார்கள். எண்ண வேண்டும் என்ற எண்ணமாவது அவர்களுக்கு வந்ததே! 2019-ல், நானூறுக்கு மேற்பட்ட மொழிகளில் 4 கோடிக்கு மேற்பட்ட நூல்களைப் படம்பிடித்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். வணிகனைப் பழிக்க வாய் திறக்குமுன், வாய்மூடிக் கிடந்தவர்களின் பெயரையும் பட்டியலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். பழைய நூலின் ஓரத்திலே, எழுத்துக்குப் பக்கத்திலே, சில இடங்களில் ஒரு விரல் தெரியும். இரப்பர் உறையிட்ட விரல்! தாளைத் திருப்பியபோது படக்கருவியில் சிக்கிக்கொண்ட, பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் விரல். 'எந்திரம் செய்தது, எந்திரம் செய்தது' என்கிறார்களே, கோடிக்கணக்கான தாள்களைக் கையாலே புரட்டியவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்த விரல்கள் சான்றாக நிற்கின்றன. நூலை எழுதியவன் பெயர் அட்டையில் இருக்கிறது. பதிப்பித்தவன் பெயர் இருக்கிறது. படம்பிடித்த நிறுவனத்தின் பெயரும் பக்கத்துக்குப் பக்கம் பதிந்திருக்கிறது. விரலுக்கு உரியவன் பெயர் மட்டும் இல்லை. இது நம் கேள்வியிலிருந்து சற்று விலகியதுதான். ஆயினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஒரு காசும் வேண்டாம் என்றார்களே, ஏன்? வள்ளன்மையா? தேடுபொறி நடத்துபவனுக்குத் தேடக் கிடைப்பதெல்லாம் மூலதனம். மனிதன் மூவாயிரம் ஆண்டு சிந்தித்து, செதுக்கி, எழுதி வைத்ததனைத்தும் தன் களஞ்சியத்திலே வந்து விழுமானால், அதைவிடப் பெரிய கூலி வேறென்ன வேண்டும்? இதைக் குற்றம் என்று கூற மாட்டோம். வாணிகம் என்றால் ஆதாயம் உண்டு. அறம் என்று பெயரிட்டு அழைக்காதவரையில், ஆதாயத்தோடு நமக்குச் சண்டையில்லை.

2005-ல் வழக்கு எழுந்தது. 'எங்கள் நூல்களை எங்களைக் கேளாமல் படியெடுப்பதா?' என்று எழுத்தாளர் சங்கமும் பதிப்பகத்தாரும் நியூயார்க் நீதிமன்றத்தின் படி ஏறினார்கள். மூன்றாண்டு வழக்காடினார்கள். 2008 அக்டோபரில், வழக்காடிய இருதிறத்தாரும் கைகுலுக்கிக்கொண்டு ஓர் உடன்பாட்டோடு வெளியே வந்தனர். அந்த உடன்பாட்டிலேதான் நம் கேள்விக்குரிய கரு இருக்கிறது.

கூகுள் 12½ கோடி டாலர் தரும். விற்பனைக்கு இல்லாமல் வழக்கொழிந்துபோன கோடிக்கணக்கான நூல்களை முழுமையாகத் திறந்துவிடும். வேண்டுபவர் விலை கொடுத்துப் படிக்கலாம். கல்லூரிகள் ஆண்டுக் கட்டணம் கட்டிப் படிக்கலாம். அமெரிக்காவின் ஒவ்வொரு பொதுநூலகக் கட்டடத்திலும் ஒரு கணினியிலே எவரும் இலவசமாகப் படிக்கலாம். வருவாயில் நூறுக்கு 63 பங்கு உரிமையாளருக்கு, 37 பங்கு கூகுளுக்கு. உரிமையாளர் யாரென்றே தெரியாத நூல்கள் – ஆசிரியர் மறைந்து, வாரிசும் அறியப்படாமல், பதிப்பகமும் மூடப்பட்டுப்போன நூல்கள் – அவற்றையும் கூகுள் வெளியிடலாம். எழுத்தாளர் இறந்து எழுபதாண்டு வரையில் பதிப்புரிமை நீளும் இக்காலத்தில், அநாதை நூல்கள் என்று அழைக்கப்படும் அவை கொஞ்சமல்ல. வேறு எவனாவது அவற்றை வெளியிட்டால் குற்றம், வழக்குப் பாயும். கூகுளுக்கு மட்டும் உடன்பாடே கவசம்!

'இதிலே என்ன தவறு?' என்று கேட்ட நல்லவர்கள் இருந்தார்கள். அவர்கள் வாதத்தைக் கேலி செய்ய நாம் விரும்பவில்லை. அதிலே கண்ணீர் இருக்கிறது. 'ஊர்ப்புறத்து நூலகத்திலே, ஒரே ஒரு கணினியின் முன் உட்கார்ந்து, ஓர் ஏழை மாணவன் ஹார்வர்டு நூலகத்தையே படிக்கப்போகிறான். கண்ணிழந்தவர்கள், எழுத்தைக் குரலாக்கும் கருவியின் துணையோடு இலட்சக்கணக்கான நூல்களைக் கேட்கப்போகிறார்கள். இன்று படிக்கப்போகிறவனைத் தடுத்து, நாளைக்கு நேரக்கூடிய தீங்கைப் பற்றிப் பேசுகிறீர்களே! பசித்தவன் இலைமுன் அமர்ந்திருக்கும்போது, சோறு யார் வீட்டுச் சோறு என்று ஆராய்ச்சி செய்வதா?' – இது அவர்கள் வாதம். வலுவான வாதம்.

மறுபுறம் எழுந்த குரல்களில் ஒன்று, ஹார்வர்டு நூலகத்தின் தலைவராக இருந்த வரலாற்றறிஞர் ராபர்ட் டார்ன்ட்டனுடையது. தொடக்கத்தில் கூகுளோடு கைகோத்த ஐந்து நூலகங்களில் ஒன்றின் தலைவர் என்பதை நினைவில் வையுங்கள். அவர் கேட்டதன் சாரம் இது: எங்கள் நூல்களை நாங்கள் கொடுத்தோம், அவற்றையே நாளைக்கு எங்களுக்குக் கட்டணத்துக்கு விற்பார்கள், அந்தக் கட்டணம் ஆண்டுக்காண்டு ஏறினால் தடுப்பவர் யார்? போட்டிக்கு வேறொருவன் வர முடியாது; ஏனெனில் அந்தக் கவசம் வேறொருவனுக்குக் கிடையாது. இன்றைய தலைவர்கள் நல்லெண்ணம் படைத்தவர்களாகவே இருக்கட்டும். நிறுவனத்தை நாளைக்கு வேறொருவர் வாங்கினால்?

அமெரிக்க அரசின் நீதித்துறையும் தடை சொல்லிற்று. பிரெஞ்சு அரசும் செருமானிய அரசும் தடை சொல்லின. அமேசானும் மைக்ரோசாஃப்டும் கூடத் தடை சொல்லின – அறத்தின்மேல் திடீரென்று ஏற்பட்ட காதலால் என்று நினைத்து ஏமாற வேண்டாம். ஒரு பண்ணையார் பெருத்துவிடுவார் என்றால் பக்கத்துப் பண்ணையாருக்குப் பொதுநலம் நினைவுக்கு வருவதுண்டு.

2011 மார்ச் 22-ல் நீதிபதி டென்னி சின் அந்த உடன்பாட்டை ஏற்க மறுத்தார். நியாயமானதன்று என்றார். கோடிக்கணக்கான நூல்களின்மேல் ஒருவருக்கு மட்டும் இத்தகைய பிடியைத் தருவது இருவர் வழக்கைத் தீர்ப்பதைக் கடந்தது; அது சட்டமன்றம் முடிவு செய்யவேண்டியது என்பது அவர் கருத்து. சட்டமன்றமோ அதன்பிறகு அநாதை நூல்களுக்கு ஒரு வழியும் செய்யவில்லை. வழக்கு தொடர்ந்தது, 2013-ல் அதே நீதிபதியும், 2015-ல் மேல்முறையீட்டு மன்றமும், தேடுவதற்காகப் படியெடுத்து இரண்டு மூன்று வரிகளை மட்டும் காட்டுவது குற்றமன்று என்று கூகுளுக்கே வெற்றி தந்தன. 2016-ல் உச்சநீதிமன்றமும் தலையிட மறுத்தது. வென்றது கூகுள். ஆனால் நூல்கள்? பதிப்புரிமை உள்ள கோடிக்கணக்கான நூல்கள், படம்பிடிக்கப்பட்டு, எழுத்தாக்கப்பட்டு, இன்றும் பூட்டிக் கிடக்கின்றன. தேடினால் மூன்று வரி தெரியும். நான்காம் வரி தெரியாது. அந்த ஏழை மாணவனுடைய கணினி வரவேயில்லை.

அப்படியானால் நீதிபதி தவறிழைத்தாரா? இந்தக் கேள்வியை நாம் பலநாள் மனத்தில் போட்டுப் புரட்டியதுண்டு. எளிதாக 'இல்லை' என்று சொல்லிவிட முடியவில்லை. படித்திருக்கக் கூடியவர்கள் படிக்காமற் போனது இழப்பு. அந்த இழப்பை ஏழையே சுமந்தான், பணமுள்ள பல்கலைக்கழகம் சுமக்கவில்லை. கொள்கையைக் காப்பாற்றிவிட்டோம் என்று நாம் மார்தட்டும்போது, அதற்கு விலை கொடுத்தவன் வேறொருவன் என்பதை மறப்பது நேர்மையாகாது. என்றாலும், எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்து, தீர்ப்பு சரி என்றே நாம் கருதுகிறோம். காரணம் சொல்ல, நம் ஊர்க் கோயிலுக்குள் ஒருமுறை போய்வர வேண்டும். – அஞ்ச வேண்டாம், கும்பிட அன்று, கணக்குப் பார்க்க!

நம் நாட்டுக் கோயில்களுக்குத் தருமகர்த்தாக்கள் இருந்தார்கள். நிலம் ஊர் மக்கள் கொடுத்தது. நகை மக்கள் போட்டது. உண்டியற்காசு மக்கள் வியர்வை. பட்டாவிலே பெயர் சாமியுடையது. பலன் அனுபவித்தது தருமகர்த்தா. அவர்களிலே நல்லவர்கள் இருந்தார்களா? இருந்தார்கள். குளம் வெட்டியவர், சத்திரம் கட்டியவர், தம் கைப்பொருளையும் சேர்த்துச் செலவிட்டவர் எல்லாம் இருந்தார்கள். 1920-களிலே, பனகல் அரசர் முதலமைச்சராயிருந்த நீதிக்கட்சி ஆட்சியில் அறநிலையப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, 'ஐயோ, மதத்தில் கைவைக்கிறார்களே!' என்று எழுந்த ஓலம் கொஞ்சமா! அந்தச் சட்டம் தருமகர்த்தாவின் குணநலனை ஆராயவில்லை. நீ நல்லவனா கெட்டவனா என்று கேட்கவில்லை. கணக்கு எங்கே என்று கேட்டது. நல்லவனுக்குக் கணக்குக் காட்டுவதில் இழுக்கென்ன? கெட்டவனுக்கு அதைவிட்டால் கடிவாளம் ஏது?

நம்பிக்கை என்ற ஒரே சொல்லால் நாம் பல பொருள்களைக் குறித்துவிடுகிறோம்; குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. மருத்துவரை நம்புகிறோம். ஏன்? அவர் முகப்பொலிவுக்காகவா? அவர் படித்த படிப்புக்குச் சான்று உண்டு. தவறு செய்தால் கேட்க மன்றம் உண்டு. பிடிக்காவிட்டால் அடுத்த தெருவிலே வேறொரு மருத்துவர் உண்டு. வங்கியை நம்புகிறோம், அதற்கும் தணிக்கை உண்டு. கேட்கவும் விலகவும் வழி இருக்கும் இடத்திலேதான் நம்பிக்கை என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறது. கேட்க முடியாது, விலக முடியாது, விலகினால் போக்கிடமும் கிடையாது, ஆயினும் நம்பு என்றால், அதற்குத் தமிழிலே வேறு பெயர் இருக்கிறது: பக்தி! தருவதும் மறுப்பதும் அவன் திருவுள்ளம். ஏன் என்று கேட்பது அபசாரம். ஆண்டவனிடமே அந்த உடன்பாட்டுக்கு இணங்காத நாம், ஆதாயம் பார்க்கும் நிறுவனத்தோடு எப்படி இணங்குவது?

'தீயது செய்யாதே' என்பது கூகுள் நிறுவனம் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட முழக்கம். அதன் நடத்தை நெறி ஏட்டின் முகப்பிலே வீற்றிருந்த அந்தச் சொற்றொடர், 2018-ல் முகப்பிலிருந்து இறக்கப்பட்டு, ஏட்டின் கடைசி வரிக்குப் போய்ச் சேர்ந்தது. தானே எழுதிக்கொண்ட விரதத்தைத் தானே திருத்திக்கொள்ளலாம், தடை என்ன?

திருவுள்ளம் மாறினால் என்னவாகும் என்பதற்கு ஊகம் வேண்டாம். மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் நூல்களைப் படம்பிடிக்கத் தொடங்கிற்று. 7,50,000 நூல்கள் வரை வந்தபின், 2008 மே திங்களில், போதும் என்று கடையைக் கட்டிற்று. அதே நிறுவனம் மின்னூல் விற்றது. 2019-ல் அந்த வாணிகத்தையும் மூடியது. வாங்கியவர்களின் பணம் திரும்பி வந்தது, நூல்கள் மறைந்தன. அமேசான் 2009-ல், உரிமைச் சிக்கல் என்று சொல்லி, தாம் விற்ற சில நூல்களை வாங்கியவர் கையிலிருந்த கருவிக்குள்ளேயே புகுந்து அழித்தது. அழிக்கப்பட்டவற்றுள் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' – வேண்டாத ஏடுகளை அரசே அழித்துவிடும் கொடுமையைச் சொல்லும் கதை! தலைவர் மன்னிப்புக் கேட்டார், கேட்டது நல்லதே. ஆனால், உன் வீட்டு அலமாரியிலிருக்கும் நூலை நள்ளிரவில் வந்து எடுத்துப்போகும் வல்லமை அவரிடம் இருந்தது என்பதை அன்றுதான் பலர் அறிந்தனர்.

'ஓகோ, அப்படியானால் எல்லாவற்றையும் அரசிடம் ஒப்படைக்கச் சொல்கிறீர்களோ?' என்று கேட்பார்கள். கேட்கட்டும். 1981 சூன் பிறந்த இரவிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. எரித்தவர்கள் கொள்ளைக்கூட்டத்தார் அல்லர். அமைதி காக்க அனுப்பப்பட்ட காவலர்கள் அந்தக் கும்பலிலே இருந்தார்கள். வேறெங்கும் படி இல்லாத சுவடிகள் அன்றோடு போயின. அதை அறிந்த தமிழன் எவனும், அரசை நம்பினால் போதும் என்று எழுத மாட்டான். ஒரே சாவி, ஒரே கை என்றால், அந்தக் கை வணிகனுடையதாயினும் சரி, அமைச்சனுடையதாயினும் சரி, கேடு கேடுதான்.

ஆனால் பொதுநூலகத்துக்கும் பெருநிறுவனத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதை நம் மாநிலத்து வரலாறே சொல்லும். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொதுநூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவிலே அதுவே முதல். வீட்டு வரியோடு நூலக வரி என்று சிறு தொகை சேர்த்து வாங்கினார்கள். கூரை ஒழுகும் கிளை நூலகத்திலே கிழிந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு, 'ஏன் இப்படி இருக்கிறது?' என்று நூலகரைப் பார்த்து ஒருவன் சினந்து கேட்கிறானே, அந்தச் சினத்துக்கு உரிமை கொடுத்தது அந்த வரி. கூகுளிடம் எவன் போய் அப்படிச் சினக்க முடியும்? காசு கொடுக்காதவன் வாடிக்கையாளன் கூட இல்லை. நூலகத்திலே புழுதி இருக்கிறது, பூட்டிய அலமாரி இருக்கிறது, மதியத்தில் தூங்குகிறவர் இருக்கிறார், எல்லாம் உண்மை. ஆனால் கேட்கும் உரிமை நம்முடையது. அந்த உரிமையை நாம் பயன்படுத்தாமல் துருப்பிடிக்க விட்டோம் என்றால், அந்தக் குற்றத்தையும் கூகுள் தலையிலே கட்டலாகாது.

இனி, நம்பாமலே பயன்படுத்திக்கொண்டவர்கள் கதையைச் சொல்ல வேண்டும்.

மிச்சிகன் நூலகத்தார் கூகுளோடு ஒப்பந்தம் எழுதியபோது, ஒரு நிபந்தனை வைத்தார்கள். 'எங்கள் நூலைப் படம்பிடி, கொண்டுபோ, ஆனால் எடுத்த படத்திலே ஒரு படி எங்களுக்கும் வேண்டும்' என்றார்கள். பெரிய புரட்சி முழக்கமன்று. ஓர் ஒப்பந்தத்தின் ஒரு விதி. மற்ற நூலகங்களும் அவ்வாறே தத்தமக்குரிய படிகளைப் பெற்றன. 2008-ல் அந்த நூலகங்கள் பல கூடி, தம் படிகளையெல்லாம் ஓரிடத்திலே சேர்த்து, பொதுக் களஞ்சியம் ஒன்றை அமைத்தன. ஹாத்திட்ரஸ்ட் என்று பெயர். ஹாத்தி என்றால் இந்தியிலே யானையாம். யானைக்கு மறதி கிடையாது என்பதால் அந்தப் பெயர். அமெரிக்கருக்கும் இந்தியைப் புகட்டிய புண்ணியவான் யாரோ! பெயரை மன்னித்துவிடலாம், செயல் பெரிது. இன்று அங்கே 1 கோடியே 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்படிகள் இருக்கின்றன.

எழுத்தாளர் சங்கம் அதன்மீதும் வழக்குத் தொடுத்தது. 2014 சூனில் மேல்முறையீட்டு மன்றம், அச்செழுத்தைப் படிக்க இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த நூல்களை முழுமையாகத் தருவது குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. உடன்பாட்டை ஆதரித்தவர்கள் கண்ணீரோடு பேசினார்களே, அந்தக் கண்ணிழந்த வாசகர், அவர் கைக்கு நூல்கள் இந்த வழியாக வந்தன. ஒருவனுக்கு மட்டும் கவசம் தராமலே வந்தன. 2020-ல் கொள்ளைநோய்க் காலம். கல்லூரிகள் மூடின, நூலகங்கள் பூட்டின. மார்ச்சுத் திங்கள் முடியுமுன்னே ஹாத்திட்ரஸ்ட் ஒரு வழி திறந்தது: உறுப்பு நூலகத்தின் அலமாரியிலே ஒரு நூல் இருந்து, பூட்டப்பட்டதால் அதை எடுக்க முடியாமல் போனால், அந்த நூலகத்தின் மாணவர் மின்படியைப் படிக்கலாம், எத்தனை அச்சுப்படி உண்டோ அத்தனை பேர் ஒரே நேரத்தில். கூகுளின் கதவிலே மூன்று வரிக்குமேல் தெரியாத அதே நூல், அதே தொழிலாளி விரல்பட்ட அதே பக்கம், நூலகத்தின் கதவு வழியே முழுமையாகத் திறந்தது. 2004-லே யாரோ ஒரு நூலகர், 'இவ்வளவு நல்லவர்களிடம் போய் நிபந்தனையா?' என்று கூச்சப்பட்டு அந்த விதியை விட்டிருந்தால்?

இவையெல்லாம் பழங்கதை, இப்போது காலம் வேறு என்பார்கள். ஆம், வேறுதான், முன்னிலும் கடுமை. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடுபொறித் துறையிலே கூகுள் சட்டத்துக்குப் புறம்பாகத் தன் ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பு எழுதினார். புதுக் கைபேசியைத் திறந்ததும் முதலில் தன் தேடுபொறியே இருக்கவேண்டும் என்பதற்காக 2021-ஆம் ஆண்டில் மட்டும் அந்நிறுவனம் பிறருக்குக் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். சிறந்தது என்பதால் மக்கள் வருகிறார்கள் என்றால், வாசலை விலைக்கு வாங்குவானேன்?

தேடுபொறியாவது நூல் இருக்கும் திசையைக் காட்டிற்று. இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. அது நூலைப் படித்துவிட்டுத் தானே விடை சொல்கிறது. எந்த அலமாரி, எந்த நூல், எந்தப் பக்கம் என்பது பலவேளை தெரிவதில்லை. ஆந்த்ரோபிக் என்ற நிறுவனம் இலட்சக்கணக்கான அச்சு நூல்களை விலைக்கு வாங்கி, முதுகை அறுத்து, படம்பிடித்து, தாளை எறிந்துவிட்டதும், அதற்குமுன் திருட்டுப் படிகளை இணையத்திலிருந்து திரட்டி வைத்ததும், 2025-ல் வழக்கிலே வெளிவந்தன. வாங்கிய நூலைக் கொண்டு எந்திரத்தைப் பயிற்றுவித்தது குற்றமன்று. திருட்டுப் படியைச் சேர்த்து வைத்தது வேறு செய்தி என்றார் நீதிபதி. அந்நிறுவனம் 150 கோடி டாலர் தந்து எழுத்தாளர்களோடு சமரசம் செய்துகொண்டது. எழுத்தாளருக்குக் காசு வந்தது, நன்று. படிப்பவனுக்கு என்ன வந்தது என்று அந்த வழக்கில் கேட்பாரில்லை. வழக்கில் அவன் கட்சிக்காரனே இல்லை.

'இவ்வளவும் எழுதுகிறீர்களே, நீங்கள் அவற்றைத் தொடுவதில்லையா?' – தொடுகிறோம். இந்தக் கட்டுரையின் ஆண்டுகளைச் சரிபார்க்க நாமும் அதே தேடுபொறியின் வாசலிலேதான் நின்றோம், மறைக்கவில்லை. இரயிலை வெள்ளையன் விட்டான் என்பதற்காக நம் தலைவர்கள் நடந்தா போனார்கள்? ஏறிப்போனார்கள், போய் இறங்கிய ஊரிலே அவன் ஆட்சியைக் கண்டித்துப் பேசினார்கள். பயன்படுத்துவது வேறு, அடைக்கலம் புகுவது வேறு. பிள்ளைகளிடம் நாம் கேட்பது, கைபேசியைக் கடலில் எறி என்பதன்று. ஊர் நூலகத்திலே உறுப்பினராகு. பழைய இதழ், பழைய துண்டறிக்கை, பாட்டன் பெட்டியிலிருக்கும் ஏடு எதுவாயினும் படம்பிடித்து, ஒன்றுக்கு மூன்று இடத்தில் படி வை. நம் பல்கலைக்கழகமோ அருங்காட்சியகமோ பெருநிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் எழுதுகிறது என்று செய்தி வந்தால், அந்த ஒப்பந்தத்தைக் காட்டு என்று தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு தாள் எழுதிப் போடு. பத்து உரூபாய்தான் செலவு.

கடைசியாக ஒரு செய்தி. 2025 சூனில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தார் ஏறத்தாழ பத்து இலட்சம் நூல்களின் எழுத்து வடிவத்தை, பதிப்புரிமைக் காலம் கடந்தவற்றை, செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்காக வெளியிட்டார்கள். எங்கிருந்து வந்தன அந்த நூல்கள்? கூகுள் படம்பிடித்தபோது நூலகம் தனக்கென்று கேட்டு வாங்கி வைத்திருந்த படிகள்! அந்தப் பணிக்குப் பொருளுதவி செய்தவர்களில் மைக்ரோசாஃப்டும் ஓபன்ஏஐயும் உண்டு. பார்த்தீர்களா, பெருநிறுவனங்களே நூலகத்தின் வாசலில் வந்து நிற்கின்றன. அவர்களோடு வரிசையில், காசில்லாத கல்லூரி மாணவனும் நிற்கலாம் – இந்த முறை.